உயிலும் டிரஸ்ட் ஆவணமும் வரைதல்

உயில் என்பது, ஒருவர் தம் சொத்து தமது மறைவுக்குப் பின் யாருக்கு, எந்த அளவில், எந்த நிபந்தனையுடன் சேர வேண்டும் என்பதைத் தெரிவித்து எழுதிவைப்பதும், அவர் உயிருடன் சுயநினைவோடு இருக்கும் வரை எத்தனை முறையும் மாற்றவோ ரத்து செய்யவோ தக்கதுமான சட்டப்படியான அறிவிப்பாகும். டிரஸ்ட் என்பது, ஒருவர் தம் சொத்தை இன்னொருவர் பெயரில் ஒப்படைத்து, அதன் பலனை மூன்றாம் நபர் ஒருவர் அடையும்படி கடமை விதிக்கும் ஏற்பாடாகும். ஒப்படைப்பவர் நிறுவுநர் என்றும், சொத்தைத் தம் பெயரில் வைத்து நிர்வகிப்பவர் அறங்காவலர் என்றும், பலனை அடைபவர் பயனாளி என்றும் வழங்கப்படுவர். கிரயப் பத்திரத்திலோ வாடகை ஒப்பந்தத்திலோ ஐயம் எழுந்தால் எழுதிக்கொடுத்தவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிக் கேட்கலாம். உயிலில் அதற்கு வழியில்லை. எழுதியவர் இல்லாதபோதே அது நடைமுறைக்கு வருகிறது. இந்த ஆவணங்களை வரையும் கலை முழுவதும், எழுதியவர் இல்லாத நிலையில் எழக்கூடிய கேள்விகளை அவர் இருக்கும்போதே கேட்டுப் பதில் பெறுவதில் அடங்கியிருக்கிறது. இக்கட்டுரை இந்தியச் சட்டத்தையும் தமிழ்நாட்டு நடைமுறையையும் ஒட்டி அக்கலையை விளக்குகிறது.

சட்ட அடிப்படை

இந்தியாவில் உயில்களைப் பற்றிய முதன்மைச் சட்டம் 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் ஆகும். இதன் 59-ஆம் பிரிவு, மைனர் அல்லாத, தெளிந்த மனநிலையுள்ள எவரும் உயில் எழுதலாம் என்கிறது. 63-ஆம் பிரிவு, எழுதுபவர் கையொப்பமோ கைநாட்டோ இட வேண்டும் என்றும், அதைக் குறைந்தது இரண்டு சாட்சிகள் சான்றொப்பமிட வேண்டும் என்றும் கூறுகிறது. ஒவ்வொரு சாட்சியும், எழுதுபவர் கையொப்பமிடுவதை நேரில் பார்த்திருக்க வேண்டும் அல்லது அது தம்முடைய கையொப்பமே என்று அவர் வாயால் ஒப்புக்கொண்டதைக் கேட்டிருக்க வேண்டும். பின்னர் அவர் முன்னிலையில் தாமும் கையெழுத்திட வேண்டும். இரு சாட்சிகளும் ஒரே நேரத்தில் உடனிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முத்திரைத்தாளும் தேவையில்லை, வெள்ளைத்தாளில் எழுதிய உயிலும் செல்லும். பதிவும் கட்டாயமன்று.

விதிகள் எல்லாச் சமயத்தாருக்கும் ஒன்றுபோல் பொருந்துவதில்லை என்பதால், வரைபவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது எழுதுபவருக்கு உரிய தனிநபர் சட்டமாகும். கிறித்தவர் ஒருவர் திருமணத்துக்கு முன் எழுதிய உயில் அத்திருமணத்தால் ரத்தாகிவிடும். இந்துவின் உயில் அவ்வாறு ரத்தாவதில்லை. உயிலால் பயன்பெறுபவர் அதிலேயே சாட்சிக் கையெழுத்திட்டால் அவருக்குரிய கொடை செல்லாது என்ற 67-ஆம் பிரிவு கிறித்தவருக்குப் பொருந்தும், இந்துவுக்குப் பொருந்தாது; ஆயினும் பயன்பெறுபவரையும் அவருடைய கணவனையோ மனைவியையோ சாட்சியாக்காமல் இருப்பதே எல்லா நிலையிலும் நல்ல வழக்கம். முஸ்லிம் ஒருவர், ஈமச் செலவும் கடனும் போக எஞ்சிய சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாரிசுகளின் சம்மதமின்றி உயில் மூலம் கொடுக்க இயலாது. அவருடைய உயில் வாய்மொழியாகவும் இருக்கலாம். நெருங்கிய உறவினர் உள்ள கிறித்தவர் அறச்செயலுக்குச் சொத்து எழுதிவைப்பதைக் கடுமையாகக் கட்டுப்படுத்திய 118-ஆம் பிரிவு, கேரளத்துப் பாதிரியார் ஜான் வல்லமட்டம் தொடுத்த வழக்கில் 2003-இல் உச்ச நீதிமன்றத்தால் நீக்கப்பட்டது. அதற்கு முன் அச்சடிக்கப்பட்ட மாதிரி நூல்களைப் பார்த்து எழுதுவோர் இன்னும் அத்தடையை மனத்தில் வைத்தே எழுதுவதைக் காணலாம்.

இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் தமக்குரிய பங்கை உயில் மூலம் கொடுக்கும் உரிமையை 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு அளித்தது. ஆனால் பூர்வீகச் சொத்து முழுவதையும் தம்முடையதாகக் கருதி எழுதும் தவறு இன்றும் மிகுதி. தமிழ்நாட்டில் 1989-ஆம் ஆண்டுத் திருத்தமும், நாடு முழுவதும் 2005-ஆம் ஆண்டுத் திருத்தமும் மகள்களுக்குப் பிறப்பால் பங்கு தந்த பின், தந்தை எழுதக்கூடியது தம் ஒரு பங்கை மட்டுமே.

தாகூர் வழக்கு

உயில் வரைதலின் இடர்களைக் காட்டுவதில் தாகூர் வழக்குக்கு இணையானது இந்தியச் சட்ட வரலாற்றில் அரிது. கல்கத்தாவின் பெருஞ்செல்வரும் சட்ட அறிஞருமான பிரசன்ன குமார் தாகூர், கிறித்தவ சமயத்தைத் தழுவிய தம் ஒரே மகன் ஞானேந்திர மோகனுக்கு எதுவும் சேரக்கூடாது என்று கருதி, அறங்காவலர்களிடம் சொத்தை ஒப்படைத்து உயில் எழுதினார். அதன்படி, உறவினர் ஜதீந்திர மோகனுக்கு வாழ்நாள் வரையான அனுபவ உரிமையும், அவருக்குப் பின் அவருடைய மூத்த மகன், அம்மகனின் மூத்த மகன் என ஆண்வழியில் தொடர்ந்து செல்லும் உரிமையும் ஏற்பட வேண்டும். எழுதியவர் 1868-இல் மறைந்தார். பாரிஸ்டரான மகன் தொடுத்த வழக்கில் 1872-இல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. ஜதீந்திர மோகனின் ஆயுள் உரிமை செல்லும். ஆனால் உயில் எழுதியவர் இறந்த நாளில் பிறந்திராத ஒருவருக்கு இந்து சட்டப்படி கொடை செய்ய முடியாது. ஆங்கிலேய நிலவுடைமை மரபைப் பின்பற்றிய அந்த ஆண்வழித் தொடருரிமையை இந்து சட்டம் அறியாது. ஆகவே ஆயுள் உரிமைக்குப் பிந்தைய சொத்து எழுதாமல் விட்டதற்குச் சமம். எழுதாமல் விட்டது சட்டப்படியான வாரிசைச் சேரும். அந்த வாரிசு, விலக்கப்பட்ட அதே மகன்.

ஒரு வாரிசுக்குச் சொத்து இல்லை என்று எத்தனை அழுத்தமாக எழுதினாலும், அச்சொத்து வேறொருவருக்குச் செல்லத்தக்க முறையில் கொடுக்கப்படாவிட்டால் விலக்கு பயனற்றுப் போகும் என்ற விதி இத்தீர்ப்பால் உறுதிப்பட்டது. எழுதியவரோ சட்டம் தெரியாதவர் அல்லர்; கல்கத்தா பல்கலைக்கழகத்தில் இன்றும் நடைபெறும் தாகூர் சட்டச் சொற்பொழிவுகளுக்கு நிதி வைத்ததும் அதே உயில்தான். பிறக்காதவருக்குக் கொடை கூடாது என்ற தடை சென்னை மாகாணத்தில் 1914-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் பிற பகுதிகளில் 1916-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் தளர்த்தப்பட்டது. எனினும், இன்றுள்ள ஒருவரின் அல்லது பலரின் ஆயுட்காலமும் அதற்குப் பின் ஒரு குழந்தையின் மைனர் பருவமும் கடந்து உரிமை உறுதிப்படுவதைத் தள்ளிவைக்கக் கூடாது என்ற நிரந்தரத் தடை விதி, இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 114-ஆம் பிரிவாக நிலைத்திருக்கிறது.

சொல்லும் விளைவும்

சட்டச் சொற்கள் எதுவும் கட்டாயமில்லை. எழுதியவரின் கருத்து விளங்கினால் போதும் என்று 74-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் ஆவண எழுத்தர்களின் கையில் வழிவழியாக வந்த தொடர்கள் சில திட்டமான விளைவு உடையவை. 'சர்வ சுதந்திர பாத்தியமாய், தான விக்கிரய உரிமைகளுடன், புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டனுபவித்துக் கொள்ள வேண்டியது' என்பது முழு உரிமையைக் குறிக்கும். 'ஆயுள் பரியந்தம் அனுபவித்து வர வேண்டியது' என்பது விற்கவோ அடமானம் வைக்கவோ இயலாத, வாழ்நாளோடு முடியும் உரிமையைக் குறிக்கும். மனைவிக்கு முதல் தொடரை எழுதிவிட்டு, அடுத்த பத்தியில் 'அவள் காலத்துக்குப் பின் என் தம்பி மகனைச் சேர வேண்டியது' என்று எழுதினால் இரண்டும் மோதும். நீதிமன்றம் உயில் முழுவதையும் சேர்த்துப் படித்து இரண்டையும் இணங்கவைக்க முயலும். எவ்வகையிலும் இணங்காதபோதுதான் பிந்தைய பகுதி மேலோங்கும் என்ற 88-ஆம் பிரிவை எடுக்கும். அந்த முயற்சிக்குள் இரு தலைமுறை வழக்குச் செலவு அடங்கிவிடுகிறது. மனைவிக்கு ஆயுள் உரிமை மட்டும் தெளிவாக எழுதினாலும் சிக்கல் முற்றிலும் தீர்வதில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14(1)-ஆம் பிரிவின்படி, ஜீவனாம்சம் போன்ற முன்னிருந்த உரிமைக்கு ஈடாகப் பெண் பெற்ற சொத்து அவளுடைய முழு உரிமையாக மாறும். 14(2)-ஆம் பிரிவின்படி, உயில் புதிதாக ஏற்படுத்திய குறுகிய உரிமை குறுகியதாகவே நிற்கும். இவ்வேறுபாட்டை விளக்கிய 1977-ஆம் ஆண்டுத் துளசம்மா தீர்ப்பைப் படிக்காமல் மனைவிக்கு ஆயுள் உரிமை எழுதிக்கொடுப்பது துணிச்சலான செயல்.

வரைவில் மிகுதியும் விடுபடுவது மரணங்களின் வரிசை. பயன்பெற வேண்டியவர் உயில் எழுதியவருக்கு முன்பே இறந்தால் அக்கொடை வீழ்ந்துவிடும். பயன்பெறுபவர் எழுதியவரின் மகனோ மகளோ பேரப்பிள்ளையோ ஆகி, தம் சந்ததியை விட்டு இறந்திருந்தால் மட்டும் கொடை வீழாது என்கிறது இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 109-ஆம் பிரிவு. தம்பிக்கோ மருமகளுக்கோ இந்தப் பாதுகாப்பு இல்லை. ஆதலால் ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் 'அவர் எனக்கு முன் காலமானால்' என்ற மாற்று ஏற்பாடு இருக்க வேண்டும். இறுதியில், தனித்துக் குறிப்பிடாத எஞ்சிய சொத்தும், உயில் எழுதிய பின் வாங்கும் சொத்தும் யாருக்கு என்ற பிரிவும் வேண்டும். சொத்து விவரத்தில் புல எண், பரப்பு, நான்கு எல்லை, பத்திர எண் ஆகியவை பட்டாவோடு ஒத்திருக்க வேண்டும். வங்கிக் கணக்கில் நியமனதாரர் பெயர் கொடுத்திருப்பது உயிலுக்கு மாற்றாகாது. நியமனதாரர் பணத்தைப் பெற்று உரியவரிடம் சேர்க்க வேண்டியவர் என்ற கருத்தை, நிறுவனப் பங்குகளுக்கும் 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

ஐயத்தை முன்கூட்டி நீக்குதல்

உயில் உண்மையானது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அதை முன்வைப்பவரைச் சாரும் என்றும், ஐயத்துக்கு இடமான சூழ்நிலைகள் இருந்தால் அவற்றையும் அவரே களைய வேண்டும் என்றும் மைசூர்ப் பகுதியிலிருந்து வந்த வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் 1958 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வகுத்த விதிகள் இன்றும் ஒவ்வோர் உயில் வழக்கிலும் மேற்கோளாகின்றன. நடுங்கிய கையொப்பம், மனைவி மக்களை விலக்கிய பங்கீடு, பயன்பெறுபவரே முன்னின்று எழுதுவித்தது ஆகியவை அவ்வகைச் சூழ்நிலைகள். எனவே திறமையான வரைவில், பிள்ளை ஒருவர் விலக்கப்பட்டால் அதற்கான காரணம் பழிச்சொல் இன்றி ஓரிரு வரியில் இடம்பெறும்; எழுத்தறியாதவர் என்றால் படித்துக்காட்டி விளக்கப்பட்டது என்ற குறிப்பு இருக்கும்; முதிர்ந்த வயதினர் என்றால் அதே நாளில் மருத்துவர் அளித்த சான்று இணைக்கப்படும். சாட்சி ஒருவரேனும் நீதிமன்றத்தில் வாக்குமூலம் அளிக்க வேண்டியிருப்பதால், எழுதுபவரினும் இளையவர்களைச் சாட்சிகளாகத் தேர்வது முறை. அடித்தல் திருத்தல் ஏதேனும் இருந்தால், அதன் அருகே எழுதுபவரும் சாட்சிகளும் கையொப்பமிட்டால் ஒழிய அத்திருத்தம் செல்லாது.

பதிவு செய்யப்பட்ட உயில், சார்பதிவாளர் அலுவலகத்தில் அசையாச் சொத்து ஆவணங்களுக்குரிய 1-ஆம் புத்தகத்தில் அன்றி 3-ஆம் புத்தகத்தில் ஏறுவதால் வில்லங்கச் சான்றில் தென்படாது. எழுதியவர் உயிருடன் உள்ளவரை அதன் நகலைப் பிறர் பெறவும் முடியாது. பதிவு, உயிலின் உண்மைக்கு ஒரு துணைச் சான்றே அன்றி மெய்ப்பித்தலுக்கு மாற்றன்று. முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கும் வழியும் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தில் உண்டு. அதைப் பயன்படுத்துவோர் குறைவு. சென்னை நகரில் எழுதப்பட்ட, அல்லது அந்நகரிலுள்ள அசையாச் சொத்தைப் பற்றிய இந்து உயில்களுக்கு உயர் நீதிமன்றத்தின் புரோபேட், அதாவது உயில் மெய்யென்று நீதிமன்றம் அளிக்கும் சான்று, நெடுங்காலம் கட்டாயமாக இருந்து வந்தது.

டிரஸ்ட் ஆவணம்

குடும்பத்தாரின் நலனுக்கான தனியார் டிரஸ்ட், 1882-ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்ட் சட்டத்துக்கு உட்பட்டது. பொது அறக்கட்டளைகளுக்கும் வக்புகளுக்கும் அச்சட்டம் பொருந்தாது. நிறுவும் எண்ணம், நோக்கம், பயனாளி, சொத்து ஆகிய நான்கும் நியாயமான உறுதியுடன் ஆவணத்தில் புலப்பட வேண்டும் என்பது அதன் 6-ஆம் பிரிவு. 'என் தம்பி என் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்வான் என்று நம்புகிறேன்' என்ற வாக்கியம் உறவின் விருப்பத்தைக் காட்டுமே ஒழிய, டிரஸ்ட் ஆகாது; கடமை விதிக்கும் வினை அதில் இல்லை. அசையாச் சொத்தாயின், உயில் மூலம் நிறுவினால் அன்றி, ஆவணம் பதிவு செய்யப்பட்டே ஆக வேண்டும். உயிலால் ஏற்பட்ட டிரஸ்டை உயிலைப் போலவே எப்போதும் திரும்பப் பெறலாம். உயிருடன் இருக்கும்போதே ஏற்படுத்தியதை, அவ்வுரிமையைத் தமக்கு வெளிப்படையாக வைத்துக்கொண்டிருந்தால் அல்லது தகுதியுள்ள பயனாளிகள் அனைவரும் இசைந்தால் ஒழியப் பொதுவாகத் திரும்பப் பெற இயலாது. இதை அறியாமல் கையெழுத்திட்டுவிட்டுப் பின்னர் வருந்துவோர் உண்டு.

டிரஸ்ட் உண்மையிலேயே தேவைப்படுவது, பயனாளி தாமாகச் சொத்தை நிர்வகிக்க இயலாத இடத்தில். அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளையின் பெற்றோர் வீட்டை அப்பிள்ளையின் பெயருக்கே எழுதிவைத்தால், அதை வாடகைக்கு விடுவதற்குக்கூட மற்றொருவர் கையெழுத்து வேண்டியிருக்கும். 1999-ஆம் ஆண்டின் தேசிய டிரஸ்ட் சட்டப்படி உள்ளூர்க் குழு நியமிக்கும் பாதுகாவலர் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவும், தனியே நிறுவிய டிரஸ்டின் அறங்காவலர்கள் பணத்தைக் கையாளவும் ஏற்பாடு செய்வது மேல். இரு பொறுப்பும் ஒருவரிடமே குவிந்தால் கேட்பாரில்லாமல் போகும். அவ்வாவணத்தில் அறங்காவலர் இறந்தாலோ விலகினாலோ அடுத்தவரை யார் நியமிப்பது, மருத்துவச் செலவுக்கு மூலதனத்தைத் தொடலாமா, பிள்ளைக்குப் பின் மீதம் யாருக்கு என்பவை எழுதப்பட்டிருக்க வேண்டும். பயனாளிகளின் பங்கை அறங்காவலர் விருப்பத்துக்கு விடும் டிரஸ்டுகளுக்குப் பொதுவாக உச்ச விகித வரி விதிக்கப்படுவதால், பங்கை நிலைப்படுத்துவதா என்பதும் வரைவு நிலையிலேயே முடிவாக வேண்டியது.

அறச்செயலுக்கான டிரஸ்டுக்கு நிரந்தரத் தடை விதி இல்லை. அந்த நீண்ட வாழ்நாளே அதற்கு வேறொரு தேவையை உண்டாக்குகிறது. 1794-இல் மறைந்த சென்னை வணிகர் பச்சையப்ப முதலியார் தம் உயிலில் கோயில் திருப்பணிகளுக்கும் தர்மங்களுக்கும் செல்வத்தை எழுதிவைத்தார். நிர்வாகத்தில் எழுந்த பூசல்கள் நெடுங்காலம் நீதிமன்றத்தில் இழுபட்டன. அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் முயற்சியால் நீதிமன்றம் திட்டம் வகுத்து, உபரி நிதியைக் கல்விக்குத் திருப்ப, 1842-இல் பள்ளி திறக்கப்பட்டது. பின்னாளில் பச்சையப்பன் கல்லூரி வளர்ந்தது அதிலிருந்துதான். கணக்குத் தணிக்கை, அறங்காவலர் தேர்வு, நோக்கம் நிறைவேறிய பின் மிஞ்சும் பணத்தின் போக்கு ஆகியவற்றை இன்றைய வரைவாளர் ஆவணத்திலேயே எழுதுவது, அப்பணியை நீதிமன்றத்துக்கு விடாதிருக்கவே.

பயிற்சி

இந்தியச் சட்டக் கல்வியில் ஆவண வரைவு ஒரு கட்டாயச் செய்முறைப் பாடம். இந்திய வழக்கறிஞர் கழகம் வகுத்த பாடத்திட்டத்தில் உயிலும் டிரஸ்ட் ஆவணமும் இடம்பெறுகின்றன. நடைமுறையில் இக்கலை மூத்த வழக்கறிஞரின் அலுவலகத்தில், கட்சிக்காரரிடம் கேள்வி கேட்பதில் தொடங்குகிறது: குடும்ப மரத்தை வரைதல், ஒவ்வொரு சொத்துக்கும் மூலப்பத்திரம் கேட்டல், கடன்களைக் குறித்தல், முந்தைய உயில்களைத் தேடுதல். மகன் உடனிருக்க அவனுக்கே சொத்தை எழுதச் சொல்லும் முதியவரைத் தனியே அமர்த்திப் பேசுவதும் இதில் அடங்கும். பின்னாளில் வழக்கு வந்தால் அத்தனிப் பேச்சின் குறிப்பு உதவும். தோற்ற உயில்களின் தீர்ப்புகளைப் படித்து, தகராறுக்கு இடமளித்த வாக்கியத்தைத் திருத்தி எழுதுவது சிறந்த பயிற்சி. வரைவு முடிந்ததும் பெயர்ப்பட்டியலில் ஒவ்வொருவரும் வெவ்வேறு வரிசையில் இறந்ததாகக் கொண்டு, ஒவ்வொரு வரிசையிலும் சொத்து யாரிடம் போய் நிற்கிறது என்று சோதிக்கப்படுகிறது. வழக்கைப் பற்றி எதுவும் அறியாத ஒரு ஜூனியரிடம் வரைவைக் கொடுத்து, யாருக்கு என்ன என்று அவரைச் சொல்லச் சொல்வதும் சில அலுவலகங்களில் உள்ள வழக்கம். அவர் தயங்கும் இடமே மீண்டும் எழுதப்படும் இடம்.