ஏலம்
திருக்கனூர்ப் பக்கம் ஏரி மீனும் புளியமரமும் ஏலம் போகும், டி.வி.யில் ஆட்டக்காரர்கள் போகிறார்கள். சொல் போர்த்துகீசியத்தின் 'லெய்லாவ்'. அதற்கும் முந்தியது, அறிவிப்பு என்று பொருள்படும் அரபுச் சொல். மலையாளம் 'லேலம்' என்று முதலெழுத்தைக் காப்பாற்றியது. லகரத்தில் சொல் தொடங்காத தமிழ் அதை உதிர்த்துவிட்டது. பாயசத்தில் மணக்கும் ஏலம் வேறு குடும்பம்.

ஆட்டக்காரர்களை எடுக்க இன்னொரு வழி டிராஃப்ட்; அதில் விலை கூவுவதில்லை. அணிகள் முறைவைத்து ஆளெடுக்கும். ஐ.எஸ்.எல். கால்பந்தில் 2015இல் இரண்டுமே நடந்தன. ரசிகர் வாயில் இரண்டும் ஏலம்தான், "இவனைப் போய் எடுத்திருக்கானுங்களே" என்ற தீர்ப்பும் அன்றைக்கே வந்துவிடும். அவ்வருடம் சுனில் சேத்ரியை ஏலத்தில் மும்பை அணி 1.20 கோடி ரூபாய்க்கு எடுத்தது, ஆனால் அந்த அணி அரையிறுதிக்குக்கூட வரவில்லை. கோப்பை சென்னையின் எஃப்.சி.க்கு.