தறிக்குழியை விட்டு எழுந்த பின்

கோயில் எழுப்பக் கூலியில் ஒரு பங்கை வாரந்தோறும் ஒதுக்கிய நம் நெசவாளப் பெரியோர், தம் முதுமைக்கென எதை ஒதுக்கினர்? ஜூபிலி மலரில் இதையும் எழுதிவைக்க விரும்புகிறோம்.

அந்நாளில் தறிக்காரருக்கு ஓய்வு வயது என ஒன்று இருந்ததில்லை. கண் மங்கி, அறுந்த இழை தெரியாமற்போகும். மிதிபலகை மிதித்த முழங்கால் குழியை விட்டு எழ மறுக்கும். அன்றோடு கூலி நின்றது. பின்னர் மகன் கையை எதிர்பார்க்க வேண்டும். அவரும் நெசவாளரே, மழையில் பாவு காயாமல் தறி நின்றால் இரு தலைமுறையும் சேர்ந்தே பட்டினி. முதலாளியிடம் தந்தை வாங்கிய முன்பணமோ மகன் கணக்கில் ஏறியது. பிடி அரிசியும் வின்சென்ட் தே பவுல் சபையாரின் உதவியும் பல அடுப்புகளை எரியவைத்தன. ஆயினும் அதை வாங்குகையில் பெரியவர் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டதை நாம் கண்டிருக்கிறோம்.

1962இல் சென்னை மாநில அரசு முதியோர் ஓய்வூதியத்தைத் தொடங்கியது. மாதம் 20 ரூபாய். அது ஆதரவற்றோர்க்கே உரியது. மகன் இருப்பவர் ஆதரவற்றவரா என்ற கேள்வியிலேயே பல மனுக்கள் நின்றன.

கூட்டுறவு நெசவாளர்க்கு 1975இல் சேமிப்புப் பாதுகாப்புத் திட்டம் வந்தது. கூலியில் ரூபாய்க்கு 8 பைசா நெசவாளர் செலுத்த, அரசு 4 பைசா சேர்ப்பது என்ற விகிதம் இதில் நிலைபெற்றது. தாம் நெய்த துணியிலிருந்தே சேர்ந்த பணம் அன்றோ! அதை வாங்கியவர் எவரும் முகத்தைத் திருப்பவில்லை.

ஆனால் முதலாளியிடம் கூலிக்கு நெய்தவருக்கு இச்சேமிப்பு இல்லை. தார் சுற்றியும் பாவுக்குக் கஞ்சி போட்டும் நாற்பது ஆண்டுகள் உழைத்த தாய்மாருக்கும் இல்லை. சங்கப் பதிவேட்டில் இருந்தது கணவர் பெயரே. 2019இல் மத்திய அரசு கொணர்ந்த அமைப்புசாரா தொழிலாளர் ஓய்வூதியத்திலும் 18 முதல் 40 வயதுடையோரே சேரலாம். ஆகவே இவர்கள் அரசின் முதியோர் உதவியையே நாடினர். அது 2011இல் 1,000 ரூபாயாகவும் 2023இல் 1,200 ரூபாயாகவும் உயர்ந்தது. மருந்துக்கு ஆகும், மகனிடம் கை நீட்டாமல் பேரப்பிள்ளைக்கு மிட்டாய் வாங்கவும் ஆகும்.

நம் கோயிற் கட்டட நிதிப் புத்தகத்திலும் ஆண்கள் பெயர்களே உள்ளன. தார் சுற்றிய தாய்மாரின் பெயர்களை வீடு வீடாய்க் கேட்டுக் கடைசிப் பக்கத்தில் சேர்த்திருக்கிறோம். விடுபட்டிருந்தால் பங்கு அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டுகிறோம்.