கோடைக் கணிப்புக்கு மதிப்பெண்

இங்கிலாந்தில் வரப்போகும் வெயிலையும் குளிரையும் முன்கூட்டிச் சொல்லும் ஆர்வலர்களுக்கு என்றுமே பஞ்சமில்லை. அவர்களில் பெரும்புகழ் பெற்றவர் ஐரிஷ்காரரான பேட்ரிக் மர்ஃபி. 1838-ஆம் ஆண்டுக்கு அவர் வெளியிட்ட வானிலைப் பஞ்சாங்கம், அந்தக் குளிர்காலத்தின் கடுங்குளிர் ஜனவரி 20-ஆம் தேதி வரக்கூடும் என்றது. அன்று லண்டன் நடுநடுங்கியது. பதிப்பாளரின் கடையைக் கூட்டம் மொய்த்தது; ‘மர்ஃபியின் குளிர்காலம்’ என்ற பெயரே வழங்கலாயிற்று. பிறகு நாள்வாரியாகச் சரிபார்த்ததில், 168 நாள்கள் ஓரளவு ஒத்துப்போயிருந்தன; 197 நாள்கள் அடியோடு பொய்த்திருந்தன. ஊர் நினைவில் வைத்தது பலித்த ஒரு நாளைத்தான்.

சரியானவற்றை எண்ணிக் கூட்டினால் மட்டும் போதாது என்பது அமெரிக்காவில் தெரியவந்தது. ராணுவ சிக்னல் படையைச் சேர்ந்த ஜான் ஃபின்லி 1884-இல் டொர்னாடோ சூறாவளிகளைக் கணித்து, 2,803 கணிப்புகளில் 96.6 விழுக்காடு சரி என்றார். ‘வரும்’ என்று அவர் சொன்ன 100-இல் பலித்தவை 28. எல்லா நாளும் கண்ணை மூடிக்கொண்டு ‘வராது’ என்றிருந்தாலே 98.2 விழுக்காடு கிடைத்திருக்கும் என்று நிலவியலாளர் ஜி. கே. கில்பர்ட் அதே ஆண்டில் சுட்டிக்காட்டினார். எதுவும் அறியாதவரின் ஊகத்தைக் கணிப்பு எவ்வளவு மிஞ்சுகிறது என்பதே அதன் பிறகு கேள்வியானது.

கோடை மாதங்களுக்கு அந்த ஊகம் நீண்டகாலச் சராசரி. அதற்கான அளவுகோலைத் தந்தவர் கார்டன் மேன்லி. லங்காஷயர், லண்டன், பிரிஸ்டல் ஆகியவற்றுக்கு இடைப்பட்ட மத்திய இங்கிலாந்தின் மாத வெப்பநிலையை 1659 வரை பின்னோக்கித் திரட்டி, 1974-இல் அவர் நிறைவு செய்தார். 1961–90 காலத்தின் ஜூலைச் சராசரி 16.1 டிகிரி. 2006 ஜூலையில் வெப்பம் 19.7 டிகிரியை ஒட்டி ஏறியது. அம்மாதத்துக்கு 18 என்று சொன்ன ஆர்வலர் 1.7 டிகிரி பிசகியிருப்பார். சராசரியையே சொன்னவர் 3.6 டிகிரி பிசகியிருப்பார். முன்னவருக்கு மதிப்பெண் உண்டு. ஆனால் 1816-இன் 13.4 டிகிரி ஜூலைக்கு அதே 18-ஐச் சொல்லியிருந்தால், ஊகித்தவரிடமே தோற்றிருப்பார். இதில் ஒரு சூட்சுமமும் உண்டு. புவி சூடேறிவரும் காலத்தில் பழைய சராசரியை வைத்துக்கொண்டு ஆண்டுதோறும் ‘வழக்கத்தைவிட வெப்பம்’ என்பவர், திறமையே இல்லாமல் பெயர் வாங்கிவிடலாம்.

நிகழ்தகவாகச் சொல்லப்படும் கணிப்புக்கு கிளென் பிரையர் 1950-இல் தந்த சூத்திரம் இன்றும் பயன்படுகிறது. அதில் பிழை வர்க்கமாகக் கணக்கிடப்படுவதால், உறுதியாகச் சொல்லித் தவறுபவருக்குத் தண்டனை அதிகம்.

வல்லுநர்களும் இந்தச் சோதனைக்குத் தப்பவில்லை. பிரிட்டிஷ் வானிலை அலுவலகம் 2009 கோடைக்கு ‘பார்பெக்யூ கோடை’ வாய்ப்பு 65 விழுக்காடு என்றது. ஜூலை மழையில் நனைந்தது. ஏளனத்துக்குப் பிறகு, 2010 மார்ச்சில் பருவக் கணிப்புகளைப் பொதுமக்களுக்கு வெளியிடுவதை நிறுத்துவதாக அறிவித்தது. 65 விழுக்காடு என்பதிலேயே மூன்றில் ஒரு பங்கு தோல்வி அடங்கியிருக்கிறது. ஆகவே ஏளனம் முழுதும் நியாயமன்று. பத்தாண்டு விடாமல் கணித்தாலும் கோடைக்கு 30 மாதங்களே தேறும். அதற்குக் குறைவான கணக்கை வைத்து எந்த ஆர்வலரையும் மெச்சவும் முடியாது, ஒதுக்கவும் முடியாது.