கிம் டாட்காம்: வழக்கிலேயே கழியும் வாழ்க்கை

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகருக்கு அருகே உள்ள ஒரு மாளிகையில் 2012 ஜனவரி 20ஆம் தேதி காலை ஆயுதமேந்திய போலீசார் ஹெலிகாப்டரில் வந்து இறங்கினர். அன்று அங்கே கைதானவர் ‘மெகாஅப்லோட்’ இணையத்தளத்தின் நிறுவனர் கிம் டாட்காம். மறுநாள் அவருக்கு 38ஆவது பிறந்தநாள்.

1974இல் ஜெர்மனியின் கீல் நகரில் பிறந்த இவரின் இயற்பெயர் கிம் ஷ்மிட்ஸ். தந்தை ஜெர்மானியர், தாயார் பின்லாந்தைச் சேர்ந்தவர். கணினி மோசடி வழக்கில் 1998இல் ஒத்திவைக்கப்பட்ட தண்டனை பெற்றார். பின்னர், நொடித்துக்கொண்டிருந்த ஓர் இணைய நிறுவனத்தில் பெரும் முதலீடு செய்யப்போவதாக அறிவித்தார். பங்கு விலை ஏறியதும் தம்மிடமிருந்த பங்குகளை விற்று லாபம் பார்த்தார். அந்த வழக்கில் 2002இல் 20 மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை கிடைத்தது.

ஹாங்காங்கைத் தளமாகக் கொண்டு 2005இல் மெகாஅப்லோட் தொடங்கியது. மின்னஞ்சலில் அனுப்ப முடியாத பெரிய கோப்புகளை அதில் ஏற்றி, இணைப்பை மற்றவர்களுக்கு அனுப்பலாம். விளம்பரமும் சந்தா கட்டணமும் வருமானம் தந்தன. பலர் திரைப்படங்களையும் பாடல்களையும் அனுமதியின்றி ஏற்றினர்.

அதிகம் பதிவிறக்கப்படும் கோப்புகளை ஏற்றியவர்களுக்கு நிறுவனமே பணம் கொடுத்து ஊக்குவித்தது என்பது அமெரிக்க அரசுத் தரப்பின் முக்கியக் குற்றச்சாட்டு. நிறுவனம் 175 மில்லியன் அமெரிக்க டாலருக்கு மேல் ஈட்டியது, உரிமையாளர்களுக்கு 500 மில்லியன் டாலருக்கு மேல் இழப்பு என்றும் அது கூறியது. வாடிக்கையாளர் செய்யும் தவற்றுக்குச் சேமிப்பிடம் கொடுத்தவர் பொறுப்பல்ல என்பது டாட்காமின் வாதம்.

நியூசிலாந்தின் உளவு அமைப்பு அவரைச் சட்டவிரோதமாக வேவு பார்த்தது அம்பலமாகி, பிரதமர் ஜான் கீ 2012இல் மன்னிப்புக் கேட்டார். டாட்காம் 2013இல் ‘மெகா’ சேவையைத் தொடங்கினார். மறு ஆண்டு ‘இன்டர்நெட் கட்சி’யை அமைத்தார். தேர்தலில் அதற்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை.

அவரை அமெரிக்காவிடம் ஒப்படைக்கலாம் என நியூசிலாந்து உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. எனினும் மேல்முறையீடுகள் தொடர்ந்தன. அவருடன் கைதான சகாக்கள் இருவர் நியூசிலாந்திலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டு 2023இல் சிறைத்தண்டனை பெற்றனர். 2024 ஆகஸ்டில் நீதியமைச்சர் பால் கோல்ட்ஸ்மித், டாட்காமை ஒப்படைக்கும் ஆணையில் கையெழுத்திட்டார்.

இந்த இழுபறியில் அதிகம் பேசப்படாதவர்கள் சாதாரணப் பயனர்கள். சொந்தப் படங்களையும் வேலைக் கோப்புகளையும் அந்தத் தளத்தில் வைத்திருந்தவர்களுக்கும் ஒரே நாளில் கதவு மூடப்பட்டது. நெதர்லாந்தில் இருந்த 630 சர்வர்களின் தரவுகளை 2013இல் வாடகை நிறுவனம் அழித்துவிட்டது. தளத்தின் உரிமையாளர் மீதான வழக்கில், எந்தக் குற்றமும் செய்யாதவர்களின் கோப்புகளும் போயின. வேறு பிரதி எடுத்து வைக்காதவர்களுக்கு அவை திரும்பக் கிடைக்கவில்லை.