சாளரமும் சொடுக்கும்

மேசைமீது கடிதங்கள் பல ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. அடியிலுள்ள கடிதத்தை வேண்டுபவன் வெளியே தெரியும் அதன் ஓரத்தைப் பற்றி இழுக்கிறான். அது மேலே வருகிறது. பின்னர் பேனாவை எடுத்து அதில் எழுதுகிறான். எடுப்பது ஒரு செயல். எழுதுவது மற்றொரு செயல். மனிதனின் கை இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை. ஆனால், கணினித் திரையிலே தாள்களுக்கு ஈடாகச் சாளரங்கள் தோன்றியபோது, இவ்விரு செயல்களுக்கும் சுட்டியின் சொடுக்கு ஒன்றே கருவியாயிற்று. அச்சொடுக்கிற்குப் பொருள் யாது என்னும் வினாவும் உடன் பிறந்தது.

சுட்டி தோன்றிய இடம் கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்போர்ட் ஆராய்ச்சி நிலையமாகும். டக்ளஸ் ஏங்கல்பார்ட் என்பார் எண்ணியதை, 1964ஆம் ஆண்டளவில் பில் இங்கிலிஷ் என்பார் சிறியதொரு மரப்பெட்டியாக ஆக்கினார். 1968ஆம் ஆண்டு டிசெம்பர் 9ஆந் திகதி, சான் பிரான்சிஸ்கோ நகரிலே ஏறத்தாழ ஆயிரம் பேர் முன்னிலையில் அது இயக்கிக் காட்டப்பட்டது. ஆயினும், ஒன்றையொன்று மறைக்கும் சாளரங்கள் அப்போது தோன்றியிருக்கவில்லை.

அவை எழுந்தது, செரொக்ஸ் நிறுவனத்தாரின் பாலோ அல்ட்டோ ஆராய்ச்சி நிலையத்திலாகும். 1973இல் அங்கு உருவான அல்ட்டோ என்னும் கணினியின் திரை, அகலத்தில் 606 புள்ளிகளும் உயரத்தில் 808 புள்ளிகளும் மட்டுமே கொண்டது. இச்சிறு பரப்பிலே பல பணிகளுக்கு இடங்காண விழைந்த அலன் கேயும் அவருடைய தோழரும், சாளரங்களைத் தாள்கள்போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினர். இடம் கிடைத்தது, சிக்கலும் உடன் வந்தது.

இவ்வமைப்பை அனைவரும் ஏற்றாரல்லர். பயன்படுத்துவோர் சாளரங்களை ஒழுங்குசெய்வதிலேயே நேரத்தைப் போக்குகின்றனர் எனக் கருதி, செரொக்ஸ் நிறுவனத்தாரே 1981இல் வெளியிட்ட ஸ்டார் கணினியில் பணிச் சாளரங்களைப் பக்கம் பக்கமாக அமைத்தனர். மைக்ரோசொப்ட் நிறுவனத்தார் 1985இல் வெளியிட்ட முதலாவது விண்டோசும் அவ்வாறே அமைந்தது. அடுக்குச் சாளரம் அதில் இடம்பெற்றது 1987இல் வந்த இரண்டாம் பதிப்பிலேயாம்.

இதற்கிடையில், அப்பிள் நிறுவனத்தார் 1983இல் லீசாவையும் 1984இல் மக்கின்டோசையும் ஒற்றைப் பொத்தான் சுட்டியுடன் வெளியிட்டனர். அன்றைய மக்கின்டோசிலே முன்னிற்கும் சாளரம் ஒன்றே உயிருள்ளதாயிருந்தது. பின்னாலுள்ளதைச் சொடுக்கினால் அது முன்னே வந்தது, அவ்வளவே. அதனுள்ளிருக்கும் பொத்தானை இயக்க மீண்டும் சொடுக்க வேண்டியிருந்தது. ஒரு சொடுக்கு வீணாயிற்றே என்பார் உளர். ஆயின், முன்னே கொணரும் எண்ணத்துடன் தொட்ட இடத்திலே 'அழி' என்னும் பொத்தான் இருந்திருந்தால், பல நாளுழைப்பு ஒரு நொடியில் மறைந்துவிடும் அன்றோ?

1984இல் மசாசுசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்திலே பிறந்த எக்ஸ் என்னும் சாளர முறைமை, இத்தகைய விதியொன்றைத் தானே வகுக்காது, சாளரங்களை மேலாளும் வேறொரு நிரலிடம் விட்டது. அதனால், சுட்டிமுனை நிற்கும் சாளரத்துக்கே எழுத்துகள் செல்லும் வழக்கமும் வேரூன்றியது. முன்னே விரிந்த ஏட்டைப் படித்தவாறே, பின்னே பாதி மறைந்ததில் எழுதுவதற்கு இது பெரிதும் உதவும். எனினும், கைபட்டுச் சுட்டி சற்றே நகருமாயின், ஒருவருக்கு எழுதிய சொல் இன்னொருவருக்குரிய மடலிலே போய் விழும்.

கேளாமலே முன்னே பாயும் சாளரங்களும் இத்தீங்கைச் செய்தன. மறைவாக எழுதவேண்டிய கடவுச்சொல் பிறர் காணும் இடத்தில் எழுதப்படலாயிற்று. ஆகவே, விண்டோஸ் 98 முதலாக, நிரல்கள் தாமே முன்னே வருதல் கட்டுப்படுத்தப்பட்டது. அவ்வாறு தடுக்கப்பட்ட நிரலின் பெயர் திரையின் அடிப்பட்டையில் மின்னி அழைக்கும். வருவதும் வாராததும் மனிதனின் விருப்பம். 2015இல் வெளிவந்த விண்டோஸ் 10, சுட்டியின் சில்லை உருட்டிப் பின்னாலுள்ள சாளரத்தை முன்கொணராமலே படிக்க வழிசெய்தது. படித்தலால் எதுவும் அழிவதில்லையாதலின், அதற்குத் தடை வேண்டியதில்லை.

இவ்வரலாறு உணர்த்துவது யாதெனில், எல்லாச் சொடுக்குக்கும் ஒரே விதி பொருந்தாது என்பதே. மீட்கக்கூடிய செயலுக்கு ஒரு தொடுகை போதும்; மீட்கவியலாத செயலுக்கு முன், கை தவறிப் பட்டதா, மனம் விரும்பித் தொட்டதா எனப் பொறி ஒரு கணம் காத்தல் வேண்டும். விரைவு நன்றே, ஆயினும், மனிதன் கருதாததைச் செய்யாமை அதனினும் நன்று.