அயல் கட்டியும் தன் கட்டியும்: அகத்தியமலை மூலிகை ஆய்வுக்கு ஏற்ற சுண்டெலி எது?

கள்ளிக்காடு நெய்யாறு அணையை ஒட்டிய ஊர். அணைக்கு மேலே, அகத்தியமலைக் காடுகளில் காணிக்காரர் வாழ்கிறார்கள். 1987இல் தாவரவியலாளர்களுக்கு வழிகாட்டிச் சென்ற காணி இளைஞர்கள் களைப்புத் தெரியாமலிருக்கத் தின்ற பழத்தால்தான் ஆரோக்கியப்பச்சை மூலிகை வெளியுலகுக்குத் தெரிய வந்தது. அதே மலையின் அமிர்தபாலா வேரைப் பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரத் தோட்ட ஆய்வாளர்கள் சுண்டெலிகளில் சோதித்தார்கள். வேர் நோயெதிர்ப்பைத் தூண்டுகிறது, புற்றுக்கட்டியையும் எதிர்க்கிறது என்று 1996இல் எழுதினார்கள். இவ்விரண்டும் தனித்தனியே மதிப்புள்ள கண்டறிதல்கள். பின்னால் வந்த பல மூலிகை ஆய்வுகளோ இவை போன்ற இரண்டு முடிவுகளையும் ஒன்றாக முடிச்சுப்போட்டு, எதிர்ப்பாற்றல் பெருகியதால்தான் கட்டி அழிந்தது என்று முடிக்கின்றன. வழக்கமாகக் கையாளப்படும் எலியைக் கொண்டு அந்த முடிச்சைப் போட முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வழக்கமான அந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். ஏர்லிக் கட்டி ஏற்றிய வெள்ளைச் சுண்டெலியின் வயிற்றறையிலிருந்து பால்நிற நீரை ஊசியால் உறிஞ்சுகிறார்கள். செல்களைக் கழுவி, நுண்ணோக்கியின் கீழ் எண்ணி, எலிக்குப் பத்து லட்சம் என்ற அளவில் புதிய எலிகளின் வயிற்றுக்குள் செலுத்துகிறார்கள். சில நாட்களில் நீர் கோத்து வயிறு உப்பத் தொடங்கும். எடையையும் வயிற்றுச் சுற்றளவையும் குறிப்பார்கள். மருந்து பெற்றவை எத்தனை நாள் கூடுதலாக உயிர் வாழ்ந்தன என்று கணக்கிடுவார்கள். செலவும் குறைவு, முடிவும் சீக்கிரம் கிடைக்கும். செல்லைக் கொல்லும் வேதிப்பொருளைச் சலித்தெடுக்க இது போதும்.

எதிர்ப்பாற்றலைப் படிக்க இது போதாது. ஏர்லிக் கட்டி நூறாண்டுக்கு முன் ஏதோ ஒரு பெண் எலியின் மார்பில் தோன்றியது. இதேபோலப் பயன்படும் இன்னொரு கட்டியான டால்டன் லிம்போமா 1947இல் டிபிஏ/2 வம்சத்து எலியின் தைமஸ் சுரப்பியில் தோன்றியது. இவற்றை ஏற்கும் ஸ்விஸ் ஆல்பினோ எலிகளோ கலப்பினம். மரபணுவில் ஒன்றுபோல் ஒன்று இராது. ஆகவே அந்த எலிக்கு இக்கட்டிகள் அயல் திசு. மருந்து கொடுத்தபின் கட்டி சுருங்கினால், எலி புற்றை அடையாளம் கண்டதா, வேறொரு எலியின் திசுவைத் தள்ளியதா, அல்லது மருந்தே செல்லைக் கொன்றதா? மூன்றையும் பிரித்துச் சொல்ல அந்தச் சோதனையில் வழியில்லை.

இது புதிய எச்சரிக்கையும் அல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாற்றி நட்ட கட்டிகளை எலிகள் தள்ளியதைப் பார்த்துப் புற்றுத் தடுப்பாற்றல் கைக்கு வந்துவிட்டதென்று பலர் நம்பினார்கள். லிட்டில் உட்கலப்பு வம்சங்களை வளர்த்தெடுத்து, கோரரும் ஸ்நெல்லும் திசுவை ஏற்பதா தள்ளுவதா என்று தீர்மானிக்கும் எச்-2 மரபணுத் தொகுதியை விளக்கிய பிறகு அந்த நம்பிக்கை சரிந்தது: எலிகள் தள்ளியது அயல் திசுவை. சிக்கலை நேராக அவிழ்த்தவர்கள் 1957இல் ப்ரெனும் மெயினும். கட்டியை எதிர்க்கப் பழகிய எலிகள் அக்கட்டியைத் தள்ளின; அது தோன்றிய எலியின் தோலையோ ஏற்றுக்கொண்டன. கட்டிக்கென்றே தனி அடையாளம் உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் படித்ததில்லை.

அமிர்தபாலாக் கட்டுரை வந்த அதே 1996இல் லீச், க்ரம்மல், அலிசன் மூவரும் நோயெதிர்ப்புக்குத் தடைபோடும் சிடிஎல்ஏ-4 மூலக்கூறை ஆன்டிபாடியால் மறித்தால் எலிகள் தம் கட்டிகளைத் தாமே தள்ளுவதைக் காட்டினார்கள். 2011இல் அந்த வழியில் வந்த இபிலிமுமாப் மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2018இல் அலிசனுக்கு நோபல் பரிசு. இந்த வெற்றியைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு தோல்வி. சி57பிஎல்/6 எலியின் சொந்தத் தோல்புற்றான பி16, அந்த ஆன்டிபாடிக்குத் தனியாக மசியவில்லை. தடுப்பூசியும் சேர்ந்தபோதுதான் பின்வாங்கியது. எந்தக் கட்டி மசியும், எது மசியாது என்ற கேள்வியைக் கேட்கவே தன் வம்சத்துக் கட்டி வேண்டும்.

தன் வம்சத்துக் கட்டி ஏற்ற எலியும் மனிதன் அல்லவே என்ற மறுப்பு நியாயமானது. ஒரே வம்சத்து எலிகளை இரண்டு நிறுவனங்களிடமிருந்து வாங்கி பி16 நட்டபோது கட்டி வெவ்வேறு வேகத்தில் வளர்ந்தது. குடல் பாக்டீரியாதான் காரணம் என்று 2015இல் சிகாகோவில் காட்டினார்கள். மருந்தளவு போன்ற கேள்விகளுக்கும் மனிதரிடம்தான் விடை தேட வேண்டும். மும்பை டாடா நினைவு மருத்துவமனை, முற்றிய தலை-கழுத்துப் புற்றில் வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்கிலும் குறைவான 20 மி.கி. நிவோலுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தை மூன்று வாரத்துக்கொரு முறை மாத்திரை மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தது. ஓராண்டு உயிர் பிழைத்தவர் விகிதம் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 ஆயிற்று. ஏழை நோயாளிக்கு எட்டும் இந்த விடை மனிதரில் நடந்த ஆய்வில் கிடைத்தது. எலியிடம் கேட்க வேண்டியது வேறு: எந்தச் செல் எதைத் தாக்குகிறது?

இனி எந்தக் கட்டி என்பது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 பஞ்சாயத்துகளில் 1996 முதல் நடந்த வாய்ப்புற்றுப் பரிசோதனை ஆய்வு உலகறிந்தது. வாயைக் கண்ணால் பார்த்துச் சோதித்ததிலேயே, புகையிலை அல்லது மதுப் பழக்கமுள்ளோரிடையே வாய்ப்புற்று மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வெற்றிலை, புகையிலை மெல்லும் பழக்கமுள்ள இந்த மண்ணுக்கு ஏர்லிக் மார்புக்கட்டியைவிட, சி57பிஎல்/6 எலியின் வாயிலேயே உண்டாக்கிய எம்ஓசி கட்டிகள் பொருந்தும். அவற்றில் எம்ஓசி1-க்குள் நோயெதிர்ப்புச் செல்களான டி-செல்கள் நுழைகின்றன. எம்ஓசி2 அவற்றுக்கு அவ்வளவாக இடம் தருவதில்லை.

அமிர்தபாலாவோ ஆரோக்கியப்பச்சையோ, சாற்றை எம்ஓசி1 நட்ட சி57பிஎல்/6 எலிகளுக்கும், ராக்1 மரபணு நீக்கியதால் டி-செல்லும் பி-செல்லும் அற்ற அதே வம்சத்து எலிகளுக்கும் ஒருசேரக் கொடுக்க வேண்டும். எல்லா எலிகளும் ஒரே விலங்குக் கூடத்தில், ஒரே தீவனத்தில் வளர வேண்டும். முதல் குழுவில் மட்டும் கட்டி சுருங்கினால் டி-செல் அல்லது பி-செல்லின் பங்கு உறுதி. அடுத்து டி-செல்களில் சிடி8 வகையை மட்டும் ஆன்டிபாடியால் நீக்கி, வேலை செய்தது எது என்று பார்க்கலாம். இரண்டு குழுவிலும் ஒரே அளவு சுருங்கினால் டி-செல் வாதத்தைக் கைவிட்டு, சாற்றில் செல்லைக் கொல்லும் பொருள் எதுவென்று தேட வேண்டும்.