உறைந்து எழுந்த கடிகாரம்: விர்ச்சுவல் மெஷின் நேரம் தவறிய கதை

இன்னைக்கு எபிசோட் ஒரு ராத்திரி ஷிஃப்ட்ல ஆரம்பிக்குது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. 2006 வாக்கில். ராத்திரி ஒன்றரை மணி இருக்கும். திடீர்னு ஒரு சர்வருக்குள்ள யாராலயும் லாகின் பண்ண முடியல. பாஸ்வேர்ட் சரி, நெட்வொர்க் சரி. நான் ரெண்டு தடவை ரீஸ்டார்ட் பண்ணலாமான்னு யோசிச்சிட்டேன். பக்கத்து சீட் சீனியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “தம்பி, அந்த மெஷின்ல மணி என்ன காட்டுது பாரு?”

பார்த்தா, ஆறு நிமிஷம் பின்னால ஓடிக்கிட்டிருக்கு.

லாகினுக்குப் பின்னால இருந்தது கெர்பரோஸ். எம்ஐடியில் உருவான பாதுகாப்பு முறை அது. இரண்டு மெஷின்களின் கடிகாரங்களுக்கு நடுவே வழக்கமாக ஐந்து நிமிட வித்தியாசம் வரைதான் பொறுத்துக்கொள்ளும். அதைத் தாண்டினால், யாரோ பழைய டிக்கெட்டைத் திருடி மறுபடி நீட்டுகிறார்கள் என்று சந்தேகப்பட்டு கதவை மூடிவிடும். சீனியர் நேரத்தைச் சரி பண்ணினார், எல்லாரும் உள்ள போயிட்டாங்க.

ஆனா விஷயம் அங்க முடியல. மறுநாள் காலையில இன்னொரு பிரச்சினை. எங்க டீம்ல ஒரு அண்ணன், 1:06-க்கு அனுமதி வந்ததுக்கு அப்புறம், 1:10-க்கு ஒரு ஜாப் ஓட்டியிருக்கார். அனுமதி பதிவான சர்வர்ல நேரம் சரி. ஜாப் ஓடின மெஷின் ஆறு நிமிஷம் லேட். அதனால லாக்ல 1:04-ன்னு இருக்கு. பேப்பரைப் பார்த்தா, அனுமதி இல்லாம வேலை செஞ்ச மாதிரி! அவர் விளக்கம் எழுதிக் கொடுக்குற நிலைமைக்குப் போயிட்டார். தப்பு அவர் மேல இல்ல. கடிகாரம் பொய் சொல்லுச்சு.

அந்தக் கடிகாரம் ஏன் பொய் சொல்லுச்சு? அதுக்குப் பதில் தேடினா கொஞ்சம் பின்னால போகணும்.

டிவி கடையிலிருந்து வந்த துடிப்பு

1981. ஐபிஎம் தன் முதல் பிசியை வெளியிடுகிறது. அதன் போர்டில் ஒரு படிகம், நொடிக்கு 1 கோடியே 43 லட்சத்துச் சொச்சம் தடவை துடிக்கும். துல்லியமாகச் சொன்னால் 14.31818 மெகாஹெர்ட்ஸ். ஏன் இப்படி ஒரு விநோத எண்? அமெரிக்க கலர் டிவியின் வண்ண சிக்னல் அலைவரிசை 3.579545 மெகாஹெர்ட்ஸ். அதன் நான்கு மடங்குதான் இது. டிவித் தொழிலால் அந்த வகைப் படிகம் மலிவாகக் கிடைத்தது. அதையே மூன்றால் வகுத்து பிராசஸருக்கு 4.77 மெகாஹெர்ட்ஸ் கொடுத்தார்கள். பன்னிரண்டால் வகுத்து, இன்டெல் 8253 என்ற டைமர் சிப்புக்குக் கொடுத்தார்கள். அந்த சிப் அதை மேலும் 65,536-ஆல் வகுக்கும். கடைசியில் நொடிக்கு சுமார் 18.2 தடவை பிராசஸரின் தோளைத் தட்டும். ஒவ்வொரு தட்டும் ஒரு ‘டிக்’.

முதல் பிசியில் பேட்டரி கடிகாரமே கிடையாது. ஆன் பண்ணினதும் தேதியும் மணியும் நாமதான் டைப் பண்ணணும். 1984-ல் வந்த ஏடி மாடலில் பேட்டரியோடு மோட்டரோலா சிப் ஒன்று வந்தது. ஆனாலும் ஆபரேட்டிங் சிஸ்டம் அதை பூட் ஆகும்போது ஒரு தடவை பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு டிக்குகளை எண்ணி எண்ணித்தான் நேரம் நகரும்.

இதை மட்டும் நல்லா மனசுல வெச்சுக்கங்க. இந்த முறைக்கு அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: “டிக் வந்தால் நான் எண்ணுவேன், எனக்குத் தெரியாமல் என்னை யாரும் நிறுத்தி வைக்க மாட்டார்கள்.” நிஜ மெஷினில் பெரும்பாலும் அது சரிதான். விர்ச்சுவல் மெஷினில் அது உடைந்தது.

1974-லேயே எழுதப்பட்ட விதிவிலக்கு

ஒரு மெஷினுக்குள்ள பல மெஷின் ஓட்டுற யோசனை நேத்து வந்த கிளவுட் இல்ல. 1960-களில் ஐபிஎம்மின் கேம்பிரிட்ஜ் ஆய்வு மையத்தில் சிபி-40, சிபி-67 என்று தொடங்கி, 1972-ல் விஎம்/370 என்ற விற்பனைப் பொருளாகவே வந்துவிட்டது. 1974-ல் ஜெரால்ட் போப்பெக், ராபர்ட் கோல்ட்பர்க் என்ற இருவர், விர்ச்சுவல் மெஷின் என்றால் என்ன என்று ஒரு கட்டுரையில் இலக்கணம் வகுத்தார்கள். உள்ளே ஓடும் புரோகிராமுக்கு நிஜ மெஷினில் ஓடுவது போலவே இருக்க வேண்டும் என்பது முதல் விதி.

ஆனால் அந்த விதிக்கு அவர்களே ஒரு விதிவிலக்கும் வைத்தார்கள். நேரத்தைச் சார்ந்த விஷயங்களில் வித்தியாசம் இருக்கலாம் என்பதே அது. மெமரியைப் போலியாகக் காட்டலாம், டிஸ்க்கைப் போலியாகக் காட்டலாம், வெளியே ஓடும் நேரத்தை மட்டும் முழுசாகப் போலி செய்ய முடியாது என்று அப்போதே தெரிந்திருந்தது.

ஆயிரம் டிக், ஒரே தோள்

1998-ல் விஎம்வேர் தொடங்கப்பட்டது. 1999-ல் அதன் வொர்க்ஸ்டேஷன் வெளியாகி, சாதாரண பிசியிலேயே விர்ச்சுவல் மெஷின் ஓட ஆரம்பித்தது. அந்தக் கால லினக்ஸ், பிசியில் நொடிக்கு 100 டிக் கேட்டது. சமாளிக்கக்கூடியதுதான். 2003 டிசம்பரில் லினக்ஸ் 2.6 வந்தது. டெஸ்க்டாப் இன்னும் சுறுசுறுப்பாக இருக்கட்டும் என்று அதை 1000 ஆக்கினார்கள். நிஜ மெஷினுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

இப்ப ஒரு ஹோஸ்ட்ல பத்து விர்ச்சுவல் மெஷின்னு வெச்சுக்குவோம். பத்தும் சும்மா உட்கார்ந்திருந்தால்கூட, ஹோஸ்ட் நொடிக்கு 10,000 தடவை தட்டி எழுப்பணும். ஒரு மெஷினுக்கு ரெண்டு சிபியூ கொடுத்தா இன்னும் மோசம். பொதுவான டைமர் ஒன்று, சிபியூவுக்கு ஒன்றாக இரண்டு, ஆக மொத்தம் ஒரு மெஷினுக்கே 3,000.

உண்மையான சிக்கல் நெரிசலில்தான். ஒரு விர்ச்சுவல் மெஷினை ஹோஸ்ட் 50 மில்லிசெகண்ட் ஓரமாக உட்கார வைத்தது என்று வையுங்கள். அந்த நேரத்தில் 50 டிக் வந்திருக்க வேண்டும். ஆனால் வந்த டிக்கை இன்னும் வாங்கவில்லை என்றால், அடுத்தடுத்து வருவதையெல்லாம் சேர்த்து வைக்க இன்டரப்ட் சிப்பில் இடமில்லை. காலிங் பெல்லை ஐம்பது தடவை அமுக்கினாலும், தூங்கி எழுந்தவருக்கு “யாரோ வந்திருக்காங்க” என்பது மட்டும்தானே தெரியும்? ஒரு டிக் எண்ணப்படும், 49 காணாமல் போகும். கடிகாரம் பின்தங்கும்.

டிக்குகளில் ஒரே ஒரு சதவீதம் தொலைந்தால் ஒரு நாளைக்கு 864 நொடி, அதாவது 14 நிமிஷம் 24 நொடி போச்சு. “என்டிபி இருக்கே?” என்று கேட்பீர்கள். டேவிட் மில்ஸ் வடிவமைத்து, 1985-ல் அதன் முதல் ஆவணம் வந்தது. அற்புதமான வேலை. ஆனால் அது நிஜப் படிகங்களின் சின்னச் சின்னப் பிழைகளுக்காகச் செய்யப்பட்டது. கடிகாரத்தை மெதுவாக இழுத்துச் சரிசெய்ய அதற்கு இருக்கும் உச்சவரம்பு பத்து லட்சத்தில் 500 பங்கு. ஒரு நாளைக்கு 43.2 நொடி. 864 எங்கே, 43 எங்கே! வேறு வழியில்லாமல் அது கடிகாரத்தைப் பிடித்துத் தள்ளும். வித்தியாசம் 1000 நொடியைத் தாண்டினால், இது என் வேலை இல்லை என்று வெளியேறியே போய்விடும்.

இரண்டு பேர் ஒரே கடனை அடைத்தால்

எல்லாரும் சும்மா இல்லை. விஎம்வேர், தொலைந்த டிக்குகளைக் கணக்கு வைத்துப் பிறகு வேகவேகமாக அனுப்பியது. இன்னொரு பக்கம் லினக்ஸ் கெர்னலும் புத்திசாலி ஆகியிருந்தது. 1993-ல் பென்டியத்தோடு வந்த டிஎஸ்சி என்ற சைக்கிள் எண்ணும் கருவியைப் பார்த்து, “அட, நடுவில் 49 டிக் தவறிவிட்டதே” என்று தானே கூட்டிக்கொண்டது.

இரண்டும் நல்ல எண்ணம்தான். ஆனால் இரண்டு பேரும் ஒரே கடனை அடைத்தால்? கடிகாரம் முன்னால் ஓட ஆரம்பித்தது! அதைச் சரிசெய்ய நேரத்தைப் பின்னால் தள்ளினால் நிலைமை இன்னும் மோசம். நாளைக்கு எழுதப்பட்ட ஃபைல்கள், பிறப்பதற்கு முன்பே முடிந்த ஜாப்கள். கெர்னலுக்குக் கொடுக்க வேண்டிய பூட் ஆப்ஷன்கள் வெர்ஷனுக்கு வெர்ஷன் மாறின. ரெட்ஹாட், டிக் எண்ணிக்கையைப் பத்தால் வகுக்க ஒரு தனி ஆப்ஷனே கொடுத்தது.

உண்மையைச் சொன்னபோது

தீர்வு இரண்டு வழியில் வந்தது. முதல் வழி, டிக் எண்ணுவதையே விடுவது. 2006-ல் 2.6.18 கெர்னலில் ஜான் ஸ்டல்ட்ஸ் முயற்சியால், “எத்தனை டிக் வந்தது” என்று எண்ணாமல் “ஓடிக்கொண்டிருக்கும் கவுன்ட்டரில் இப்போது என்ன எண்” என்று படிக்கும் முறை வந்தது. தவறவிட்டால்கூட, எழுந்ததும் பார்த்தால் சரியாகத்தானே இருக்கும்? 2007-ல் 2.6.21-இல், வேலை இல்லாதபோது டிக்கே வேண்டாம் என்ற வசதி சேர்ந்தது.

இரண்டாவது வழிதான் எனக்குப் பிடிச்சது. அதுவரை பெரும்பாலானவர்களின் முயற்சி, “நீ ஒரு போலி மெஷின்” என்பதை உள்ளே ஓடும் சிஸ்டத்திடமிருந்து மறைப்பதுதான். 2003-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஸென் குழு நேர்மாறாக யோசித்தது: உண்மையைச் சொல்லிவிடலாமே! ஹோஸ்ட் ஒரு மெமரிப் பக்கத்தில் சரியான நேரக் கணக்கை எழுதி வைக்கும், உள்ளே இருப்பவர் படித்துக்கொள்வார். 2007-ல் லினக்ஸில் சேர்ந்த கேவிஎம்மும் அடுத்த ஆண்டே இதே போன்ற கடிகாரத்தைக் கொடுத்தது. கூடவே பிராசஸர்களும் மாறின. மின்சாரம் மிச்சம் பிடிக்க வேகம் குறைந்தாலும் டிஎஸ்சி ஒரே வேகத்தில் ஓடும் சிப்கள் வந்தன.

முப்பது வருஷத்துக்கு முன்னால் எழுதிவைத்த விதிவிலக்குக்கு இப்படித்தான் மரியாதை கிடைத்தது.

இன்னைக்கு உங்க மெஷின்ல

இப்பவும் இந்தப் பிரச்சினை போயிடல. ஸ்னாப்ஷாட் எடுத்து மறுபடி எழுப்பினா, லேப்டாப்ப மூடித் திறந்தா, ஓடுற மெஷின வேற ஹோஸ்டுக்கு மாத்தினா நேரம் தவற வாய்ப்பு இருக்கு. அப்போ இந்த வரிசையில பாருங்க.

முதலில், ஹோஸ்ட்டோட நேரம் சரியா? அங்கேயே தப்புன்னா உள்ளே எத்தனை தடவை சரி செஞ்சும் பிரயோஜனமில்லை. ரெண்டாவது, கடிகாரம் பின்தங்குதா, முந்துதா? எப்பவுமா, லோடு ஏறும்போது மட்டுமா? லோடுல மட்டும் பின்தங்கினா நெரிசல். முந்தினா, ரெண்டு பேர் திருத்துறாங்களான்னு பாருங்க. ஹைப்பர்வைசர் டூல்ஸோ, என்டிபி அல்லது க்ரோனியோ, தொடர்ந்து திருத்துறவர் ஒருத்தர் போதும். மூணாவது, கெர்னல் எந்தக் கடிகார மூலத்தைப் பயன்படுத்துதுன்னு பாருங்க. கேவிஎம்னா பெரும்பாலும் கேவிஎம் க்ளாக், இல்லேன்னா நிலையான டிஎஸ்சி இருக்கணும்.

மெஷினே மந்தமா இருக்குன்னா, ‘டாப்’ கமாண்டில் ‘எஸ்டி’ன்னு ஒரு எண் இருக்கும். ஸ்டீல், அதாவது திருடப்பட்ட நேரம். உங்களுக்கு வேலை இருந்தும் ஹோஸ்ட் சிபியூ கொடுக்காத நேரம் அது. அது ஏறியிருந்தா உங்க கோடைத் திருத்தி உபயோகமில்ல, ஹோஸ்ட்ல கூட்டம் அதிகம். இன்னொன்னு: கடிகாரம் பின்தங்குற மெஷின்ல, உள்ளேயே நேரம் பார்த்து வேகத்தை அளக்காதீங்க. 60 நொடி வேலை 55-னு தெரியும். அளவுகோலே சுருங்கியிருக்கு. வெளியிலிருந்து அளங்க.

சரி, எங்க அண்ணன் கதை என்ன ஆச்சு? அந்த மெஷின்ல காலையில ஒரே ஒரு தடவைதான் நேரம் சரிபார்க்குற செட்டப். ராத்திரி பதினொன்றுக்கு அதே ஹோஸ்ட்ல பேக்கப் ஓடும். மறுநாள் ராத்திரி சீனியர் ரெண்டு ஸ்கிரீனைப் பக்கத்துல பக்கத்துல வெச்சு, பேக்கப் ஆரம்பிச்சதும் ஒரு கடிகாரம் பின்தங்குறதை மேனேஜருக்கு நேர்லயே காட்டினார். யாரும் எதுவும் பேசல. விளக்கக் கடிதம் கேட்டதை வாபஸ் வாங்கிட்டாங்க.

அதிலிருந்து ஒரு பழக்கம். லாக்கை வெச்சு ஒருத்தர் மேல தப்பு சொல்றதுக்கு முன்னாடி, அந்த லாக்கை எழுதின மெஷின்ல மணி என்னன்னு பார்த்துடுவேன். நீங்களும் பாருங்க.